ஆறு பிரஷர் சென்சார் மட்டும் வெச்சு சிலிண்டருக்குப் பின்னாடி ஓட்டம் முழுசையும் கண்டுபிடிக்க முடியுமா? என் கணக்கு வெடிச்சுப் போகுது

சுழல்தேடி
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசமா இதே இடத்துல நிக்கிறேன், யாராவது பார்த்துச் சொல்லுங்க.

சின்ன விண்ட் டன்னல், உள்ள 25 மிமீ விட்டம் உள்ள வட்ட சிலிண்டர், காத்து வேகம் செகண்டுக்கு 6 மீட்டர், அதாவது ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தோட வேகமும் அளவும் பிசுபிசுப்போட ஒப்பிட்டா எவ்வளவு பெரிசுங்கற எண்) 10,000. சிலிண்டரைச் சுத்தி ஒரே வளையத்துல ஆறு ஓட்டை போட்டு பிரஷர் டேப் வெச்சிருக்கேன், 0, 60, 120, 180, 240, 300 டிகிரில. 0ங்கறது காத்து நேரா வந்து மோதுற இடம். டேப்ல இருந்து சென்சாருக்கு 1.2 மீட்டர் பிளாஸ்டிக் டியூப் போகுது, செகண்டுக்கு 1000 தடவை அளவு எடுக்கிறேன். அதோட கூடவே பின்னாடி இருக்கிற ஓட்டத்தை பிஐவி (காத்துல துகள் கலந்து, லேசர் அடிச்சு, ஜோடி ஜோடியா படம் எடுத்து வேகம் அளக்கிற முறை) வெச்சு 1500 படம் எடுத்தாச்சு, ஆனா லேசர் செகண்டுக்கு 15 ஜோடி படம்தான் தரும்.

ஆசை என்னன்னா, பிஐவி இல்லாம வெறும் ஆறு பிரஷரை வெச்சே அந்த நேரத்து வேகப் புலம் முழுசையும் வரையணும். படங்களை பிஓடி பண்ணி முதல் 10 மோடை எடுத்துக்கிட்டேன், ஒவ்வொரு மோடும் ஆறு டேப்லயும் எவ்வளவு பிரஷர் காட்டுதுன்னு லீஸ்ட் ஸ்கொயர்ல ஒரு மேட்ரிக்ஸ் போட்டேன், அதைத் தலைகீழாக்கி பிரஷர்ல இருந்து மோடுக்குப் போனேன். வர்ற படம் பயங்கரமா இருக்கு, சில நேரம் வேகம் 40 மீட்டர்னு காட்டுது, டன்னல்ல ஓடறதே 6தான். சென்சார் இன்னும் பத்து வாங்கணுமா, இல்ல முறையே தப்பா?

புதுசு_01
மன்னிக்கணும், நடுவுல ஒரு அடிப்படைக் கேள்வி. பிஓடின்னா என்ன, ஆறு நம்பர்ல இருந்து ஆயிரக்கணக்கான புள்ளிகளோட வேகம் எப்படி வரும்? அப்புறம் இதுக்கு சிஎஃப்டி (ஓட்டத்தைக் கம்ப்யூட்டர்லயே கணக்கு போட்டுப் பார்க்கிறது) ஓட்டினா போதாதா?

நீரோட்டம்
நல்ல கேள்விதான், தயங்காம கேளுங்க. கடைசியில இருந்து வர்றேன். சிஎஃப்டி ஓட்டினா "ஒரு" ஓட்டம் வரும், ஆனா இந்த நிமிஷம் நம்ம முன்னாடி இருக்கிற ஓட்டம் வராது. சுழல் இப்ப மேல் பக்கத்துல இருந்து பிரிஞ்சிட்டிருக்கா கீழ்ப் பக்கத்துல இருந்தான்னு சிஎஃப்டிக்கு எப்படித் தெரியும், அதை யாராவது அளந்து சொல்லணும். அதுவும் இந்த ரெனால்ட்ஸ் எண்ணுக்கு ஒழுங்கா முப்பரிமாணத்துல ஓட்டறதுக்கு எடுக்கிற நேரத்துல டன்னல்ல காத்து லட்சக்கணக்கான சுழலைக் கழட்டிவிட்டுப் போயிருக்கும்.

பிஓடின்னா, நிறைய படங்களை எடுத்துட்டு அதுல திரும்பத் திரும்ப வர்ற வடிவங்களைப் பிரிச்சு எடுக்கிற கணக்கு, எது அதிக ஆற்றலை விளக்குதோ அது முதல்ல வரும். டர்புலன்ஸ்க்குள்ள இதைக் கொண்டு வந்தது லம்லி, 1967ல. படங்களோட எண்ணிக்கை அளவுக்கே மேட்ரிக்ஸ் போட்டா போதும்ங்கற ஸ்னாப்ஷாட் முறையை 1987ல சிரோவிச் சொன்னார், அதுக்கப்புறம்தான் எல்லார் கைக்கும் வந்துச்சு. ஒவ்வொரு படமும் = சராசரி + (ஒரு நம்பர் × முதல் வடிவம்) + (இன்னொரு நம்பர் × ரெண்டாவது வடிவம்) இப்படிப் போகும். இந்த வடிவங்களைத்தான் மோடுன்னு சொல்றோம், அது ஏற்கனவே கையில இருக்கு, அதனால கண்டுபிடிக்க வேண்டியது அந்த நாலஞ்சு நம்பர் மட்டும்தான், ஆயிரக்கணக்கான வேகம் இல்ல. ஆறு சென்சார் போதுமாங்கற கேள்விக்கு உயிர் வர்றதே இதனாலதான்.

ரெனால்ட்ஸ் எண் 100 கிட்ட இருக்கிற அமைதியான சிலிண்டர் ஓட்டத்துல முதல் ரெண்டு மோடே ஏற்ற இறக்கத்தோட ஆற்றல்ல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல பிடிச்சிடும், பாடப் புத்தக உதாரணம் எல்லாம் அங்கதான் ரொம்ப அழகா வரும். 10,000ல அப்படி வராது. சுழல்தேடி, உங்களுக்கு முதல் ரெண்டும் சேர்ந்து எவ்வளவு?

சுழல்தேடி
56 சதவீதம். பத்தும் சேர்ந்தா 74.

மேட்ரிக்ஸ்மணி
பத்து தெரியாத நம்பர், ஆறு அளவு. அங்கயே பிரச்சினை ஆரம்பிச்சிடுச்சு, ஆனா வெடிக்கிறதுக்குக் காரணம் அது மட்டும் இல்லன்னு நினைக்கிறேன். அந்த மேட்ரிக்ஸோட சிங்குலர் வேல்யூ, அதாவது ஒவ்வொரு திசையும் சென்சார்ல எவ்வளவு பலமா தெரியுதுங்கற நம்பர், ஆறையும் போடுங்களேன்.

சுழல்தேடி
4.1, 3.2, 1.9, 0.8, 0.05, 0.004

மேட்ரிக்ஸ்மணி
பார்த்தீங்களா, 4.1ஐ 0.004ஆல வகுத்தா ஆயிரத்துக்கு மேல வருது, இதுதான் கண்டிஷன் நம்பர். தலைகீழாக்கும்போது 0.004 ஆனது 250 ஆயிடும், அந்தத் திசையில சென்சார்ல ஒரு துளி நாய்ஸ் இருந்தாலும் 250ஆல பெருக்கி மோடுக்குள்ள கொட்டும், உங்க 40 மீட்டர் வேகம் அங்கிருந்துதான் வருது. அது ஓட்டத்தோட வேகமே இல்ல, சென்சார் இரைச்சல் வேஷம் போட்டுட்டு வந்து நிக்குது.

உடனடி மருந்து: கடைசி ரெண்டு சிங்குலர் வேல்யூவையும் வெட்டிடுங்க, இல்லன்னா ரிட்ஜ் (விடை ரொம்பப் பெரிசா போகாம அடக்கி வைக்கிற லீஸ்ட் ஸ்கொயர்) போடுங்க. வெடிக்காது. ஆனா வெடிக்காம இருக்கிறதும் சரியா இருக்கிறதும் ஒண்ணு இல்ல, வெட்டின திசையில இருக்கிற தகவல் உங்களுக்குக் கிடைக்கவே இல்லன்னுதான் அர்த்தம். அதனால ஏன் அந்தத் திசை இவ்வளவு பலவீனமா இருக்குன்னு பார்க்கணும், அதுக்கு டேப் வெச்ச இடத்தைப் பார்க்கணும். பழைய டன்னல் சார் வந்தா நல்லா இருக்கும்.

பழைய_டன்னல்
வந்துட்டேன். அம்மா சுழல்தேடி, முதல்ல உங்க டேப் ஒவ்வொண்ணோட ஸ்பெக்ட்ரமையும் (எந்த ஃப்ரீக்வன்சியில எவ்வளவு ஆட்டம்ங்கற வரைபடம்) தனித்தனியா வரைஞ்சு பாருங்க. சுழல் பிரியிற ஃப்ரீக்வன்சி உங்களுக்கு எவ்வளவு வரணும்னு மனக்கணக்காவே சொல்லிடலாம், ஸ்ட்ரூஹால் எண் (சுழல் பிரியிற ஃப்ரீக்வன்சியை வேகத்தோடயும் விட்டத்தோடயும் இணைக்கிற எண்) 0.2, அதை 6ஆல பெருக்கி 0.025ஆல வகுத்தா 48 ஹெர்ட்ஸ். எந்த டேப்ல 48 தெரியுது, எதுல தெரியலன்னு பார்த்துட்டுச் சொல்லுங்க, நான் என்ன எதிர்பார்க்கிறேன்னு அப்புறம் சொல்றேன்.

சுழல்தேடி
சார் இப்பதான் வரைஞ்சேன். 60, 120, 240, 300 நாலுலயும் 48 கிட்ட ஊசி மாதிரி நிக்குது. 0 டிகிரில கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. 180ல 48ல இல்ல, ஆனா 96ல ஒரு சின்ன மேடு இருக்கு!! இது ஏன்?

பழைய_டன்னல்
அதேதான். சுழல் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு மாறி மாறிப் பிரியுது, மேல் பக்கம் பிரஷர் இறங்கும்போது கீழ்ப் பக்கம் ஏறும், நடுக் கோட்டுல நிக்கிறவனுக்கு ரெண்டும் சமமா வந்து ஒண்ணை ஒண்ணு அடிச்சுடும். 0, 180 ரெண்டும் அந்த நடுக்கோட்டுல இருக்கு. 180ல இருக்கிற டேப் மேல் சுழல் வந்தாலும் ஒரு தடவை உறிஞ்சலை உணரும், கீழ்ச் சுழல் வந்தாலும் அதே மாதிரி ஒரு தடவை உணரும், அதனால அதுக்கு எல்லாமே இரட்டை வேகத்துல தெரியுது, 96. எந்தச் சுழல் மேல, எந்தச் சுழல் கீழன்னு அதுக்குப் பிரிச்சுப் பார்க்கவே தெரியாது. உங்க முதல் ரெண்டு மோடும் 48ல ஆடற மோடு, 56 சதவீத ஆற்றல் அங்கதான் இருக்கு, அதைப் பார்க்கவே முடியாத இடத்துல ஆறுல ரெண்டு சென்சாரை வெச்சிருக்கீங்க.

180ஐ அடைச்சுடாதீங்க, அது வேற ஒரு வேலைக்கு வேணும், பின்னாடி சொல்றேன். 0 டிகிரியை எடுத்துடலாம், வேகம் அளக்க டன்னல்லயே பிட்டோ குழாய் இருக்கும்ல.

இன்னொண்ணு, மீதி நாலும் நாலு தகவல்னு நினைக்காதீங்க. 60ல இருந்து 300ஐக் கழிச்சா ஒரு சிக்னல், 120ல இருந்து 240ஐக் கழிச்சா இன்னொரு சிக்னல், ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா வரைஞ்சு பாருங்க.

சுழல்தேடி
வரைஞ்சேன் சார், உயரம்தான் வேற, ஏறி இறங்கறது கிட்டத்தட்ட சேர்ந்தே போகுது. அப்படின்னா என்கிட்ட 48 ஹெர்ட்ஸ்க்கு இருக்கிறது உண்மையில ஒரே ஒரு சென்சாரா?

பழைய_டன்னல்
ஆமாம்மா. அதுதான் கதை.

மேட்ரிக்ஸ்மணி
அருமை சார். இப்ப கணக்கும் ஒத்துப்போகுது. மோடு 1, மோடு 2 ரெண்டும் ஒரே ஃப்ரீக்வன்சியில கால் சுற்று இடைவெளி விட்டு ஆடற ஜோடி, ஒண்ணு கொசைன்னா இன்னொண்ணு சைன். சிலிண்டர் மேல இருக்கிற டேப் எல்லாம் அந்தச் சுற்றோட ஒரே நிழலைத்தான் பார்க்குது. அதே வளையத்துல இன்னும் பத்து டேப் போட்டாலும் நாய்ஸ் சராசரி ஆகி கொஞ்சம் குறையுமே தவிர, காணாம போன அந்தக் கால் சுற்று வரவே வராது.

ஊஞ்சல் ஆடறதை ஒரு ஃபோட்டோ எடுக்கிறோம்னு வைங்க. ஊஞ்சல் நடுவுல இருக்குன்னு ஃபோட்டோ சொல்லும், முன்னாடி போகுதா பின்னாடி வருதான்னு சொல்லாது. பத்து கேமரா வெச்சு ஒரே நேரத்துல பத்து ஃபோட்டோ எடுத்தாலும் சொல்லாது. ஆனா கண் இமைக்கிற நேரத்துக்கு முன்னாடி எடுத்த இன்னொரு ஃபோட்டோ இருந்தா ஒரு கேமராவே போதும். உங்களுக்கு 48 ஹெர்ட்ஸ், ஒரு சுற்று 20.8 மில்லிசெகண்ட், கால் சுற்று 5.2. இப்ப இருக்கிற அளவையும் 5 மில்லிசெகண்டுக்கு முன்னாடி அதே டேப்ல இருந்த அளவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சீங்கன்னா காணாம போன சைன் கிடைச்சிடும். காசே செலவில்லாம கிடைக்கிற சென்சார் இது, கடந்த காலம்தான் அந்த சென்சார்.

நீரோட்டம்
இதையே ஒழுங்கா, நாய்ஸையும் சேர்த்து யோசிச்சு செய்யறதுதான் கால்மன் ஃபில்டர். ருடால்ஃப் கால்மன் 1960ல எழுதினது, இன்னைக்கும் எனக்கு ஆத்து வெள்ளம், குழாய் அழுத்தம்னு எதைத் தொட்டாலும் அங்கதான் போய் நிக்குது. சுருக்கமா சொல்றேன், புதுசு நண்பருக்கும் ஆகும்.

உங்க ஸ்டேட்டுல (ஃபில்டர் கண்டுபிடிக்க வேண்டிய நம்பர்களோட பட்டியல்) ரெண்டே நம்பர், மோடு 1ஓட அளவு, மோடு 2ஓட அளவு. இந்த ரெண்டும் சேர்ந்து ஒரு கடிகார முள் மாதிரி சுத்துது. செகண்டுக்கு 1000 அளவு, 48 ஹெர்ட்ஸ், அப்ப ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவுல முள் 17 டிகிரி சுத்தணும். இதுதான் மாடல், இவ்வளவுதான், ஒரு 2×2 சுழற்சி மேட்ரிக்ஸ், சுவத்துல எழுதி வெச்சுக்கலாம். ஒவ்வொரு மில்லிசெகண்டும் முதல்ல மாடல் முள்ளை 17 டிகிரி நகர்த்திட்டு "சென்சார் இப்ப இவ்வளவு காட்டணும்"னு சொல்லும், சென்சார் வந்து "இல்ல, நான் இவ்வளவு காட்டறேன்"னு சொல்லும், வித்தியாசத்துல எவ்வளவு நம்பறதுங்கறதைத்தான் கால்மன் கெயின் தீர்மானிக்குது. முள் சுத்திக்கிட்டே இருக்கிறதால, ஒரே நிழலைப் பார்க்கிற ஒரே சென்சாரும் கொஞ்ச நேரத்துல ரெண்டு நம்பரையும் கண்டுபிடிச்சிடும். அப்சர்வபிலிட்டின்னு புத்தகத்துல படிக்கிறதோட அர்த்தம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை, மாடல் மேல இருக்கிற சந்தேகத்தை பூஜ்யம்னு போட்டுடாதீங்க. 10,000ல சுழல் பிரியறது கடிகாரம் மாதிரி சீரா இருக்காது, சில சுற்று சீக்கிரம் வரும், சில சுற்று பலவீனமா வரும். சந்தேகம் பூஜ்யம்னா ஃபில்டர் கொஞ்ச நேரத்துல சென்சாரைக் கேக்கிறதையே நிறுத்திட்டு தன் பாட்டுக்கு 48ல சுத்திட்டே இருக்கும், நிஜ சுழல் எங்கயோ இருக்கும், இது எங்கயோ இருக்கும். நான் ஒரு குழாய் கணக்குல இதை அனுபவிச்சிருக்கேன், கிராஃப் அவ்வளவு வழவழப்பா வந்துச்சு, ரொம்ப நாள் சந்தோஷமா இருந்தேன், எல்லாமே தப்பு.

நியூரான்_நண்பன்
எல்லாரும் சொல்றது சரிதான், ஆனா இவ்வளவு சுத்திப் போகணுமா? 1500 படம் இருக்கு, ஒத்த நேரத்துல பிரஷர் ஹிஸ்டரி இருக்கு, ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க்குக்குக் கொடுத்தா நேரா வேகப் புலமே வந்துடும், மோடு கீடு எதுவும் வேண்டாம். 2020ல சயின்ஸ் இதழ்ல ஒரு வேலை வந்துச்சே, ஓட்டத்துல சாயம் நகர்றதை மட்டும் பார்த்துட்டு, ஓட்டத்தோட அடிப்படையான நேவியர் ஸ்டோக்ஸ் சமன்பாட்டை லாஸ்க்குள்ளயே (நெட்வொர்க் குறைக்கப் பார்க்கிற பிழைக் கணக்கு) வெச்சு, வேகம் பிரஷர் ரெண்டையும் எடுத்துக் காட்டினாங்க. எனக்கும் இதே மாதிரி சிலிண்டர் டேட்டால மூணு லேயர் நெட்வொர்க் போட்டு டெஸ்ட்ல 4 சதவீதம்தான் பிழை.

மேட்ரிக்ஸ்மணி
ப்ரோ, டிரெயின் டெஸ்ட் எப்படிப் பிரிச்சீங்க?

நியூரான்_நண்பன்
ரேண்டமா குலுக்கி 80க்கு 20.

மேட்ரிக்ஸ்மணி
அங்கதான் எனக்கு உறுத்துது. சுழல் ஓட்டம் திரும்பத் திரும்ப வர்ற ஓட்டம், அதே ஃபேஸ் (சுற்றுல எந்தக் கட்டத்துல இருக்குங்கறது), அதே வேகம், அதே நாள் வெப்பநிலை, டிரெயின் பக்கமும் டெஸ்ட் பக்கமும் அதே படம்தான் கொஞ்சம் கொஞ்சம் மாறி உட்கார்ந்திருக்கும். நெட்வொர்க் ஓட்டத்தைக் கத்துக்கிச்சா, இல்ல பக்கத்து படத்தை எடுத்து நீட்டுதான்னு அந்த 4 சதவீதத்தால சொல்ல முடியாது. முதல் முக்கால் பங்கு நேரத்துல டிரெயின் பண்ணிட்டு கடைசிக் கால் பங்குல டெஸ்ட் பண்ணுங்க, இன்னும் நல்லது வேற வேகத்துல எடுத்ததுல டெஸ்ட் பண்ணுங்க. நெட்வொர்க் வேண்டாம்னு நான் சொல்லல, உங்க சிஸ்டம் நேர்கோட்டுல இல்லாதபோது அது நிஜமாவே உதவும், பிரஷர் வேகத்தோட வர்க்கத்தைப் பொறுத்ததுங்கறதால இங்கயும் கொஞ்சம் உதவ வாய்ப்பு இருக்கு. ஆனா அதோட நம்பரை நம்பறதுக்கு முன்னாடி நேர்கோட்டு முறை ஒண்ணு, அதே பிரஷர் ஹிஸ்டரியை வெச்சு ரிட்ஜ்ல போட்டுப் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

நியூரான்_நண்பன்
நீங்க சொன்ன மாதிரி நேரத்துல பிரிச்சு இன்னைக்கு ஓட்டினேன், பிழை 4ல இருந்து 19க்குப் போயிடுச்சு. ரிட்ஜ் 21. குலுக்கினதுதான் என்னை ஏமாத்தியிருக்கு, சொன்னதுக்கு ரொம்ப நன்றி ப்ரோ. நெட்வொர்க்கை விடமாட்டேன், ஆனா இனிமே இப்படித்தான் அளப்பேன்.

சுழல்தேடி
நான் ஒண்ணு மறைக்காம சொல்லணும். 6 மீட்டர்ல கத்துக்கிட்ட மேட்ரிக்ஸை 8 மீட்டர் வேகத்துல ஓட்டிப் பார்த்தேன், கால்மன் போட்டதுக்கு அப்புறமும். 6ல ஓரளவு நல்லா வருது (ரெண்டே மோடுதான் எடுத்தேன், நீரோட்டம் அண்ணா சொன்ன சுழற்சி மாடல்), 8ல சுழல் வடிவம் சரியா வருது ஆனா இடம் தப்பா வருது, பிஐவி படத்துல சுழல் ஒரு இடத்துல இருந்தா நான் வரையறது கால் சுற்று தள்ளி இருக்கு. ஃப்ரீக்வன்சியை 64னு மாத்திட்டேன், வேகத்தால வகுத்து எல்லாத்தையும் பரிமாணம் இல்லாம ஆக்கிட்டேன், ஆனாலும் இப்படி.

பழைய_டன்னல்
டியூப்மா. 1.2 மீட்டர்னு முதல் பதிவுல படிச்சப்பவே சொல்லியிருக்கணும், விட்டுட்டேன்.

உங்க டியூப் ஒரு முனை சிலிண்டர் ஓட்டையில திறந்திருக்கு, மறு முனை சென்சார்ல மூடியிருக்கு. உள்ள இருக்கிற காத்துக்குன்னு ஒரு ஆட்டம் உண்டு, அலையோட கால் பங்கு நீளம் டியூப் நீளத்துக்குச் சமம் ஆகிற இடத்துல. ஒலி வேகம் 343, அதை 4 × 1.2 அதாவது 4.8ஆல வகுத்தா 71 ஹெர்ட்ஸ். உங்க 48 அதுக்குக் கீழ தள்ளி இருக்கு, 64 கிட்டத்தட்ட அது மேலயே உட்கார்ந்திருக்கு. ரெசனன்ஸ் பக்கத்துல போகப் போக ஃபேஸ் வேகமா மாறும், எவ்வளவு மாறும்ங்கறது டியூப்போட உள்விட்டத்தைப் பொறுத்தது, மெல்லிசா இருந்தா உரசல் அதிகம், மேடு மழுங்கும், ஆனா ஃபேஸ் விலகல் போகாது. 6ல கத்துக்கும்போது அந்த விலகலையும் சேர்த்தே உங்க மேட்ரிக்ஸ் விழுங்கிடுச்சு, அதான் 6ல சரியா வந்துச்சு. 8ல விலகல் மாறிடுச்சு, மேட்ரிக்ஸ் பழைய விலகலையே பிடிச்சிட்டு நிக்குது.

வழி ரெண்டு. டியூப்பை 20 சென்டிமீட்டருக்கு வெட்டுங்க, ரெசனன்ஸ் 430 கிட்ட போயிடும், 64க்கு எந்தத் தொந்தரவும் இல்ல. வெட்ட முடியலன்னா ஒரு சின்ன டப்பால ஸ்பீக்கரை வெச்சு, ஒரு சென்சாரை டப்பா சுவத்துல நேரா பொருத்தி, இன்னொண்ணை உங்க டியூப் வழியா இணைச்சு, 10 ஹெர்ட்ஸ்ல இருந்து 200 வரைக்கும் ஓட்டி ரெண்டுக்கும் நடுவுல உயரமும் ஃபேஸும் எவ்வளவு வேறுபடுதுன்னு பதிவு பண்ணிக்குங்க, அப்புறம் கணக்குல திருத்திக்கலாம். நான்னா வெட்டிடுவேன்.

அப்படியே சென்சாரோட ரேஞ்ச் என்னன்னு சொல்லுங்க.

சுழல்தேடி
2.5 கிலோபாஸ்கல் சார், முழு அளவுல 0.25 சதவீத துல்லியம்னு போட்டிருக்கு.

பழைய_டன்னல்
2500ல 0.25 சதவீதம் 6 பாஸ்கலுக்கு மேல. உங்க டன்னலோட டைனமிக் பிரஷர், அரை × 1.2 × 36, மொத்தமே 21.6 பாஸ்கல்தான், நீங்க தேடற ஏற்ற இறக்கம் அதுலயும் ஒரு பங்கு. அந்த 6 பாஸ்கல்ல பெரும்பகுதி நிலையான விலகலா இருந்து கழிஞ்சு போகலாம், ஆனாலும் யானையைத் தூக்கற தராசுல மிளகை நிறுக்கிறோம். 250 பாஸ்கல் ரேஞ்ச் சென்சார் லேப்ல எங்கயாவது இருக்கும், கேட்டு வாங்குங்க. மணி தம்பி சொன்ன சிங்குலர் வேல்யூ கணக்குல நாய்ஸ் பத்துல ஒரு பங்கா குறைஞ்சா, இன்னைக்கு வெட்டித் தூக்கிப் போடற திசையில ஒண்ணு நாளைக்கு உபயோகப்படும்.

180 டேப்பை வெச்சுக்கச் சொன்னேனே, காரணம் இது. அதுல மெதுவா ஏறி இறங்கற பகுதியை, அதாவது 48ஐயும் 96ஐயும் வடிகட்டிட்டு மிச்சம் இருக்கிறதைப் பாருங்க. சுழல் பலமா பிரியும்போது சிலிண்டருக்குப் பின்னாடி பிரஷர் இன்னும் இறங்கும், பலவீனமாகும்போது ஏறும்.

நீரோட்டம்
இதுக்கு மாடல் பக்கத்துல ஒரு பெயரே இருக்கு, ஷிஃப்ட் மோடு. நோவாக்கும் கூட இருந்தவங்களும் 2003ல சிலிண்டர் ஓட்டத்துக்கு எழுதினது. சுழல் வளர வளர சராசரி ஓட்டமே நகருது, ஆனா பிஓடி சராசரியைக் கழிச்சுட்டுத்தான் ஆரம்பிக்குது, அதனால அந்த நகர்வைப் பார்க்க அதுல இடமே இல்ல. ரெண்டு ஆடற மோடு, ஒரு நகர்ற மோடு, மூணே சமன்பாடுல சுழல் எப்படிப் பிறந்து வளர்ந்து ஒரு அளவுல நிக்குதுன்னு வந்துடுச்சு. அதைப் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, உண்மையாவே சொல்றேன், லட்சக்கணக்கான புள்ளிகள்ல தீர்க்கிற ஒரு விஷயத்தோட எலும்புக்கூடு மூணு வரியில நிக்குது. உங்க 180 டேப் அந்த மூணாவது நம்பரைப் பார்க்கிற கண்ணு. ஸ்டேட்டுல அதையும் சேர்த்து மூணாக்குங்க.

புதுசு_01
இவ்வளவு பேசினதுல ஒண்ணு கேக்கணும். டேப் எங்க வைக்கணும்னு சார் அனுபவத்துல சொல்றார், அனுபவம் இல்லாத ஒருத்தர் புது வடிவத்துக்கு எப்படி முடிவு பண்றது? அப்புறம், 56 சதவீதம்தான் பிடிக்குதுன்னா மிச்சம் 44 எங்க போச்சு?

மேட்ரிக்ஸ்மணி
முதல் கேள்விக்கு ஒரு சுலபமான வழி இருக்கு, க்யூஆர் பிவட்டிங். வைக்க முடியிற எல்லா இடத்தையும் எழுதி, ஒவ்வொரு இடமும் மோடுகளை எப்படிப் பார்க்குதுன்னு மேட்ரிக்ஸ் போட்டு, முதல்ல அதிகமா தெரியிற இடத்தை எடு, அந்த இடம் ஏற்கனவே சொல்லிட்ட தகவலை மத்த எல்லாத்துல இருந்தும் கழி, மிச்சத்துல பெரிசா இருக்கிறதை அடுத்து எடு, அப்படியே போகணும். எந்த சாஃப்ட்வேர்லயும் ஒரு வரி. சுழல்தேடியோட சிலிண்டர்ல ஓட்டினா முதல் இடம் பக்கவாட்டுல எங்கயாவது விழும், 0 டிகிரி பக்கமே போகாது. ஆனா அது நாய்ஸையும் டியூப்பையும் ஓட்டை போட முடியாத இடத்தையும் பார்க்காது, அதுக்கு சார் மாதிரி ஆளு வேணும்.

அரைகுறை அளவுல இருந்து முழுப் படத்தை மீட்கிற கேப்பி பிஓடிங்கற முறையை 1995ல எவர்சன், சிரோவிச் ரெண்டு பேரும் எழுதும்போது அவங்க எடுத்துக்கிட்ட உதாரணம் மனுஷ முகங்களோட படம், ஓட்டம் கூட இல்ல. பாதி மறைஞ்ச முகத்தை மத்த முகங்களை வெச்சு நிரப்பறது. எனக்குப் பிடிச்ச விஷயம் இது.

44 சதவீதம் பத்தி. அது சின்னச் சின்ன சுழல், அது சிலிண்டர் மேல இருக்கிற டேப்புக்கு எந்தத் தடயமும் விடாம பின்னாடி எங்கயோ பிறந்து எங்கயோ அழியுது. அதை எந்தக் கணக்காலயும் இந்த ஆறு டேப்ல இருந்து மீட்க முடியாது. 1970கள்ல ஏட்ரியன் கொண்டு வந்த ஸ்டோகாஸ்டிக் எஸ்டிமேஷன் இதை நேராவே ஒத்துக்குது, அது தர்றது "இந்த சென்சார் அளவு இருக்கும்போது சராசரியா ஓட்டம் எப்படி இருக்கும்"ங்கற படம், இந்த நொடியோட படம் இல்ல. அதனாலதான் எஸ்டிமேட் எப்பவும் நிஜத்தை விட வழவழன்னு இருக்கும். சுழல்தேடி, ரிப்போர்ட்ல வேகப் படம் போடும்போது பக்கத்துலயே பிழை எவ்வளவு இருக்கலாம்ங்கற படத்தையும் போடுங்க, கால்மன்ல கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் (எஸ்டிமேட் மேல எவ்வளவு சந்தேகம்னு சொல்றது) சும்மாவே கிடைக்குது, விட்டுப்போன மோடுகளோட ஆற்றலையும் அதோட கூட்டிக்குங்க. அந்தந்த இடத்து ஏற்ற இறக்கத்தோட ஒப்பிட்டா, பொதுவா சிலிண்டர் கிட்ட பிழை கம்மியாவும் தள்ளிப் போகப் போக அதிகமாவும் தெரியும். அப்படித் தெரியலன்னா கணக்கை ஒரு தடவை சரிபார்த்துக்குங்க.

சுழல்தேடி
மூணு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாரும் மன்னிக்கணும், டேப் எல்லாம் மறுபடி போட நேரம் ஆயிடுச்சு.

0 டிகிரியை விட்டுட்டேன். க்யூஆர் ஓட்டினதுல 80 கிட்ட வந்துச்சு, 80, 110, 180, 250, 280னு அஞ்சு போட்டேன். டியூப் எல்லாம் 20 சென்டிமீட்டர். சென்சார் 250 பாஸ்கல், வேற லேப்ல இருந்து கடன். ஸ்டேட்டுல மூணு நம்பர், ரெண்டு ஆடற மோடு, ஒரு மெதுவா நகர்ற நம்பர்.

6 மீட்டர்ல கத்துக்கிட்டதை 8ல போட்டேன், சுழல் இருக்கிற இடத்துலயே விழுது!! பிஐவி படத்தையும் என் படத்தையும் பக்கத்துல வெச்சு நாப்பது ஜோடி பார்த்தேன், லேப்ல யாருமே இல்ல, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மோடு 1, 2 ரெண்டுக்கும் நிஜத்தோட ஒப்பிட்டா கோரிலேஷன் 0.9 கிட்ட வருது. மூணாவது மோடுக்கு மேல ஒண்ணும் பெரிசா வரல, அதை விட்டுட்டேன்.

ஆனா ஒண்ணு புரியல. சில நேரம், பத்து பதினஞ்சு சுற்று தொடர்ந்து, என் எஸ்டிமேட்டோட ஃபேஸ் பிஐவில இருந்து விலகிப் போயிட்டு மறுபடி வந்து சேருது. அந்த நேரத்துல எல்லாம் பிரஷர் சிக்னல் உயரம் கம்மியா இருக்கு. கால்மனோட சந்தேக அளவை ஏத்திப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன், மாறவே இல்ல.

நீரோட்டம்
வாழ்த்துகள்மா, இது சின்ன வேலை இல்ல. ஃபில்டர் ட்யூனிங்ல மாறலைன்னா ஃபில்டர்ல பிரச்சினை இல்லன்னு எடுத்துக்கலாம், சென்சார் பார்க்கிறதும் பிஐவி பார்க்கிறதும் அந்த நேரத்துல நிஜமாவே வேற வேறயா இருக்கு.

பழைய_டன்னல்
ரொம்ப சந்தோஷம்மா. ஒரே கேள்வி. சிலிண்டரோட நீளவாக்குல டேப் வளையம் இருக்கிற இடமும் லேசர் ஷீட் விழற இடமும் ஒண்ணா?

சுழல்தேடி
இல்ல சார், ஓட்டை மேல லேசர் பட்டா பளீர்னு திரும்பி கேமரால அடிக்குதுன்னு ஷீட்டை 80 மிமீ தள்ளி வெச்சிருக்கேன்.

பழைய_டன்னல்
80ஐ 25ஆல வகுத்தா மூணு விட்டத்துக்கு மேல. இந்த ரெனால்ட்ஸ் எண்ணுல சுழல் ஒரு நேர் கம்பி மாதிரி சிலிண்டர் முழுக்க ஒரே நேரத்துல பிரியாது, சில விட்டம் தள்ளிப் போனாலே இங்க பிரியறதும் அங்க பிரியறதும் ஒத்துப்போறது குறைஞ்சிடும். சில நேரம் நடுவுல சுழல் அறுந்து ஒரு பக்கம் முந்திக்கும், அப்பதான் உயரம் குறையும், ஃபேஸ் விலகும், நீங்க சொல்ற அடையாளம் அப்படியே அதுதான். உங்க எஸ்டிமேட் தப்பு இல்லாம இருக்கலாம், டேப் இருக்கிற இடத்தோட ஓட்டத்தை அது சரியாவே சொல்லிட்டிருக்கு, நீங்க ஒப்பிடறது வேற இடத்து ஓட்டத்தோட.

லேசர் ஷீட் இருக்கிற இடத்துல இருந்து 10 மிமீ தள்ளி 80 டிகிரில ஒரே ஒரு டேப் புதுசா போடுங்க. சிலிண்டரை அந்த இடத்துல மட்டும் மேட் கறுப்பு பெயின்ட் அடிச்சுக்குங்க, பளீர் குறையும். பழைய 80 டேப்பும் புது டேப்பும் எப்பெல்லாம் பிரியுதோ அந்த நேரம் உங்க விலகல் நேரத்தோட ஒத்துப்போகுதான்னு பாருங்க.

சுழல்தேடி
நாளைக்கே ஓட்டை போடறேன் சார். ரெண்டு டேப்போட ஃபேஸ் வித்தியாசத்தையும் ஒரே கிராஃப்ல எஸ்டிமேட் பிழையோட சேர்த்து வரைஞ்சு இங்கயே போடறேன்.